மயில்துத்தம் ஒரு சிட்டிகை, விடிஞ்சா நத்தை இருக்காதாம்!

நொய்யல்:
மீன் தொட்டிச் செடி வளர்ப்புத் திரியில தொட்டிராஜா அண்ணன் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்காரு: "ரெண்டடி டேங்க்ல நத்தை பெருகிடுச்சா? மயில்துத்தம் ஒரு சிட்டிகை. விடிஞ்சா ஒண்ணு இருக்காது." அதுக்கு வரிசையா லைக் வேற. சிட்டிகைன்னா எவ்வளவுண்ணே? யார் விரல்ல? சுமாரா 0.4 கிராம்னு வைங்க. துத்தம்னா காப்பர் சல்பேட், அதுல கால் பங்கு செம்பு, அதாவது 0.1 கிராம். 24க்கு 12க்கு 12 இன்ச் டேங்க்ல கல்லு போக நிக்கிற தண்ணி 48 லிட்டர். செம்பு மட்டும் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வந்துடுது. குளத்துல மீன் வளர்க்கிறவங்க கணக்கு என்னன்னா, ஆல்கலினிட்டிய (தண்ணி அமிலத்தத் தாங்குற அளவு) 100ஆல வகுத்து வர்ற மில்லிகிராம்தான் லிட்டருக்குத் துத்தத்தோட உச்ச அளவு. ஆல்கலினிட்டி 250 இருக்கிற கடுசான போர் தண்ணிக்கே லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் துத்தம், மொத்தமா 0.12 கிராம். உங்க சிட்டிகை அதுல மூணு மடங்குக்கு மேல. ஆல்கலினிட்டி 50க்குக் கீழன்னா துத்தத்தத் தொடவே கூடாது. சிறுவாணி மாதிரி கடுசு இல்லாத தண்ணியிலயும் ஆர்ஓ தண்ணியிலயும் இதப் போட்டா நத்தைக்கு முன்னாடி மீன் மல்லாந்துடும்.

தொட்டிராஜா:
வந்துட்டாரய்யா கால்குலேட்டர். பண்ணைக்காரங்க காலங்காலமா துத்தம் போடுறாங்க, எவனும் தராசு வச்சுக்கிட்டு நிக்கல. ரசத்துக்குப் பெருங்காயம் போடத் தெரிஞ்சவனுக்கு சிட்டிகைன்னா எவ்வளவுன்னு தெரியும்.

மணல்மேடு:
சண்டைய அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல எந்த நத்தைன்னு சொல்லுங்கப்பா. கண்ணாடியில ஜெல்லி மாதிரி முட்டை ஒட்டுற பிளாடர் ஸ்னெயிலா, சுருள் தட்டையா இருக்கிற ரேம்ஸ்ஹார்னா, பகல்ல மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற எம்டிஎஸ்ஸா (மலேசியன் ட்ரம்பெட் ஸ்னெயில்)? எம்டிஎஸ் முட்டையே போடாது, குட்டி போடும். ஆண் துணை இல்லாமலே போடும். வாய்க்கு மூடி உண்டு, செம்பு வாசம் பட்டா இழுத்து மூடிக்கிட்டு மணலுக்குள்ள போயிடும். மூணுக்கும் ஒரே வைத்தியமா?

நொய்யல்:
எந்த நத்தையா இருந்தா என்ன, கேள்வி சிட்டிகை பத்தி. அண்ணன் இன்னும் கிராம் சொல்லல. பண்ணைக்காரன் போடுறது மீன் இல்லாத சிமெண்ட் தொட்டியில. போட்டு, காய வச்சு, கழுவித்தான் மீன் விடுவான். நீங்க நியான் டெட்ரா ஓடுற டேங்க்ல போடச் சொல்றீங்க. ஷ்ரிம்ப், அதான் குட்டி இறால், இருந்தா பேச்சே வேண்டாம்.

தொட்டிராஜா:
மீன் செத்தா அது துத்தத்தால இல்ல தம்பி. நத்தை மொத்தமா செத்து அழுகி அம்மோனியா ஏறும், அதுல சாகும். காலையில செத்த நத்தைய சைஃபன் போட்டு உறிஞ்சிட்டுப் பாதித் தண்ணி மாத்துனா ஒண்ணும் ஆகாது. சோம்பேறிங்க மருந்தக் குறை சொல்லுவாங்க.

நொய்யல்:
ஆக, மீன் சாகும்னு நீங்களே சொல்லிட்டீங்க! மணலுக்குள்ள செத்துக் கிடக்கிற எம்டிஎஸ்ஸ எந்த சைஃபன் எடுக்கும்? அம்மோனியாவத் தின்கிற பாக்டீரியாவையும் செம்பு முடக்கும், செவுளையும் அரிக்கும். மீன் மேல வந்து வாயைப் பிளக்கிறது ரெண்டு காரணத்தாலயும்தான். தண்ணி மாத்திட்டா செம்பு போயிடும்னும் நினைக்காதீங்க. மார்பிள் சிப்ஸ், பவளக்கல் போட்ட டேங்க்ல அது கல்லுல ஒட்டிக்கும். பிஹெச் இறங்கும்போது மெதுவா வெளிய வரும். அப்ப விடுற ஷ்ரிம்ப் ஏன் சாகுதுன்னே தெரியாம முழிப்பீங்க. இவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு சிட்டிகை.

பஃபர்_பிரியன்:
ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரி டியூஷன் முடிச்சாச்சா? நம்ம கேரளத்து ஆத்துல பிறந்த பீ பஃபர் மீன் ரெண்டு விடுங்க. ஒரு இன்ச் தான் இருக்கும், பிளாடர் ஸ்னெயில ஒண்ணு விடாம உறிஞ்சிடும்.

மணல்மேடு:
கூடவே கப்பி மீனோட வாலையும் கத்தரிச்சிடும். அதத் தனி டேங்க்லதான் வைக்கணும். எம்டிஎஸ் ஓட்டக் கடிச்சா அதுக்குப் பல்லுதான் போகும்.

பஃபர்_பிரியன்:
பஃபருக்குப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும் சார், தேயறதுக்கே ஓடு வேணும். புத்தகம் படிக்காம வராதீங்க.

மணல்மேடு:
தேயறது வேற, உடையறது வேற. எம்டிஎஸ்ஸுக்கு, மத்த நத்தையத் தின்கிற அசாசின் ஸ்னெயில்தான் சரி. ரெண்டடிக்கு நாலஞ்சு போதும். அதுவும் மணலுக்குள்ள போய் வேட்டையாடும். ஆண் பெண் தனித்தனி, ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை, அதனால பிளாடர் மாதிரி குவியாது. மாசக்கணக்குல ஆகும், அவசரக்காரங்களுக்கு ஒத்து வராது. நத்தை தின்னும்னு யாராவது கிளவுன் லோச் வாங்கச் சொன்னா கேட்காதீங்க. ஒரு அடி வளர்ற மீன ரெண்டடித் தொட்டியில எங்க வைப்பீங்க?

புதுடேங்க்:
அண்ணா, எனக்கு பிளாடர்தான். கண்ணாடி முழுக்க. துத்தம் போடலாமா வேண்டாமா?

நொய்யல்:
வேண்டாம் தம்பி. சாப்பாட்டக் குறை. ஒரு வேளை, 2 நிமிஷத்துல மீன் தின்னு முடிக்கிற அளவு. மிச்சம் விழுறதுதான் நத்தைக்குச் சோறு. ராத்திரி லைட்ட அணைச்சதும் வெந்நீர்ல வாட்டின வெள்ளரி வில்லைய ஒரு சின்ன பாட்டில்ல போட்டுப் படுக்க வை, வாய் மணல ஒட்டி இருக்கணும். விடியறதுக்கு முன்னாடி பாட்டிலோட தூக்கு. லைட் போட்டப்புறம் எடுத்தா பாதி இறங்கிப் போயிருக்கும். முட்டை பொரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்ங்கிறதால சில வாரம் விடாம செய்யணும். கண்ணாடியில ஒட்டின ஜெல்லிய பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி, விழும்போதே உறிஞ்சு.

தொட்டிராஜா:
வெள்ளரிக்காய் வச்சு விருந்து! கேளு தம்பி, அவர் சொல்றபடி செஞ்சா உனக்குக் கல்யாணம் ஆகி பேரன் பிறக்கும்போதும் நத்தை இருக்கும்.

புதுடேங்க்:
புதுச் செடி வாங்கும்போது முட்டை வராம இருக்க?

மணல்மேடு:
படிகாரம். லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு குறைஞ்சது 3 மணி நேரம் ஊற வச்சு, நல்லா அலசி விடணும். அவசரம்னா வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணி 19 பங்கு, 2 நிமிஷம் முக்கி, ஆன்டி குளோரின் கலந்த தண்ணியில அலசு. மாஸ்ங்கிற பாசிச் செடிக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் பிளீச் ஆகாது, கருகிடும். பெர்மாங்கனேட்ல நத்தை சாகும், முட்டை பெரும்பாலும் தப்பிச்சிடும்.

தொட்டிராஜா:
இவர் மட்டும் 10 கிராம்னு சொல்லலாம், நான் சிட்டிகைன்னா குத்தம். கப்பிக்குக் கல்லுப்புப் போடுற திரியிலயும் இதே கூட்டணிதான் என் மேல பாஞ்சது, மறக்கல.

நொய்யல்:
அவர் கிராம் சொல்றாருண்ணே, அதான் வித்தியாசம். கல்லுப்பு திரியிலயும் நீங்க "ஒரு கை"ன்னுதான் எழுதினீங்க.

தொட்டிராஜா:
ஒரு கை உப்புல யார் மீன் செத்தது? பேரு சொல்லு.

நொய்யல்:
பேச்ச மாத்தாதீங்க. சிட்டிகை எத்தனை கிராம்?

பஃபர்_பிரியன்:
நீங்க அடிச்சுக்குங்க. புதுடேங்க் தம்பி, பிடிக்கிற பிளாடரக் கொட்டிடாத, எனக்கு அனுப்பு. இங்க பஃபருக்குத் தீனி பத்தலன்னு தனி டப்பாவுல வளர்க்க வேண்டியிருக்கு.

மணல்மேடு:
பஃபர் பல்ல உடைக்காத நத்தையா பார்த்து அனுப்பு தம்பி.

பஃபர்_பிரியன்:
திரும்ப ஆரம்பிச்சாச்சா? உடைஞ்ச பல்லு போட்டோ ஒண்ணாவது போடுங்க பாப்போம்.

தொட்டிராஜா:
தம்பி, உன் டேங்க் எத்தனை லிட்டர்? தனி மெசேஜ்ல வா, சிட்டிகை எவ்வளவுன்னு சொல்றேன். இங்க சொன்னா தராசோட வந்துடுவாங்க.

நொய்யல்:
இங்கயே சொல்லுங்கண்ணே. கிராம்ல.