எடை குறைந்தால் தோல் தொங்கிவிடுமோ என்ற பயம்

கேள்வி: பாளையங்கோட்டைக்காரன், வயது 34. 128 கிலோவில் இருந்து 14 மாதத்தில் 91க்கு வந்துவிட்டேன், இன்னும் 12 குறைய வேண்டும். ஆனால் குனிந்து செருப்பு மாட்டும்போது வயிற்றுத் தோல் ஈரத்துண்டு மாதிரி மடிந்து தொங்குகிறது, அதைப் பார்த்ததில் இருந்து மேலே குறைக்கவே பயம். தாமிரபரணி ஆத்தில் குறுக்குத்துறையில் சட்டையைக் கழற்றிக் குளித்து வருஷமாகிறது. இதோடு நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. நான் 40 கிலோ குறைத்தவள். ரொம்ப நாள் இழுபட்டிருந்த தோலில், அதை விறைப்பாகப் பிடித்து வைக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சேதமாகிவிடுவதால் அது முழுசாகச் சுருங்காது, எந்தக் கிரீமும் அதைச் சரிசெய்யாது, காசைக் கரியாக்க வேண்டாம். மடிப்பில் ஈரம் தங்கினால் படை வரும், குளித்ததும் நன்றாகத் துடையுங்கள். எனக்குக் கையில் இன்னும் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தை இப்போது மூச்சு வாங்காமல் சுற்றி வருகிறேன், முன்பு பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

பதில்: அக்கா சொல்வது சரி. மெதுவாகக் குறையுங்கள் அண்ணாச்சி, எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள், தசை ஏறினால் கொஞ்சம் நிரம்பும். முட்டை, மீன், பயறு தவறக்கூடாது. அறுவை சிகிச்சை என்றால் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்றபிறகுதான்.

கேட்டவர்: நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆத்துக்குப் போகிறேன், கூட்டம் வருவதற்கு முன்னால்.