வெல்டு வைத்த டிஃபரன்ஷியலோடு செட்டிநாட்டுத் தெருக்களில்: உங்கள் அனுபவம் என்ன?

கானாடுகாத்தான், ஜிப்சி:

என் மாருதி ஜிப்சி ஜீப்புக்கு முந்தைய சொந்தக்காரர் ஆஃப்ரோடு பிரியர். பின் டிஃபரன்ஷியலின் (திருப்பத்தில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்களை அப்படியே வெல்டு அடித்துப் பூட்டிவிட்டார். தெரிந்தேதான் வாங்கினேன். தோப்புக்கும் அதுதான், காரைக்குடி கடைவீதிக்கும் அதுதான். இப்படிப்பட்ட வண்டியை தினமும் ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் கண்மாய்க்கரைப் பாதையில் ஒரு பின்சக்கரம் கரம்பையில் இறங்கிவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும். வழுக்குகிற சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை கிடைக்கிறதோ, மேட்டில் நிற்கிற சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் மேட்டுச் சக்கரம் வண்டியை இழுத்து வந்துவிடும். நால்சக்கர லிவரைத் தொடாமலே பல இடங்களில் ஏறி வந்திருக்கிறேன்.

சிக்கல் ஊருக்குள்தான். எங்கள் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடி, செங்கோணத்தில் வெட்டிக்கொள்பவை. வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். எங்கே போனாலும் திருப்பம்தான். பின்சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் என்று வையுங்கள். 90 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 2 மீட்டர் மாறாது. திருச்சி ரோட்டின் நீண்ட வளைவில் அந்த வித்தியாசம் பல மீட்டருக்குப் பரவிவிடும், டயர் தாங்கிக்கொள்ளும். தெருமுனையிலோ சில மீட்டருக்குள் முடிந்தாக வேண்டும். டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுக்காது என்பதால் டயர்தான் தரையில் உரசி விட்டுக்கொடுக்க வேண்டும். கீச்சென்று சத்தம், ஸ்டீயரிங்கில் கனம், நேராகவே போகப் பார்க்கிற முன்பக்கம் எல்லாம் அதனால்தான். யூ-டர்ன் என்றால் 4 மீட்டருக்கும் மேல். பெரியார் சிலை பக்கம் நெரிசலில் வண்டியைத் திருப்பிப் பார்த்தால் புரியும்.

இதெல்லாம் தொல்லை. ஆபத்து ஈர ரோட்டில் இருக்கிறது. சரளைத் தூசி படிந்த தார் ரோட்டில் முதல் மழை விழுந்திருக்கும் நேரம், வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலும் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து பிடியை விட்டுவிடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும். இங்கே அந்த உதவி கிடையாது. ஜிப்சி போல நீளம் குறைந்த வண்டி சட்டென்று பின்பக்கத்தை வீசும். பள்ளத்தூர் தாண்டி ஒரு மாலை எனக்கு அப்படி ஆனது. எதிரில் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து மழை நாளில் வீட்டார் யாரையும் இந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

தேவகோட்டை, தார்:

அண்ணே, டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். டிஃபரன்ஷியல் லாக் பெடலை சேற்றில் மட்டும் மிதிப்பார்கள், வயல் முனையில் திரும்புமுன் காலை எடுத்துவிடுவார்கள். மிதித்தபடியே திருப்பினால் எங்கள் அப்பா வரப்பிலிருந்தே சத்தம் போடுவார்.

என் மஹிந்திரா தார் ஜீப்பில் இருப்பது மெக்கானிக்கல் லாக்கிங் வகை. பின்சக்கரங்களின் வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். வேகமாகப் போகும்போது பூட்டாது. கடைவீதியில் திரும்பும்போது அது இருப்பதே தெரியவில்லை. ஒரு குறை, சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் பிடிக்கும், அதற்குள் மண்ணைத் தோண்டிவிடும். ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்பில் ஓட்டுநரே முன்கூட்டிப் பூட்டலாம் என்பது அங்கே வசதி.

காரைக்குடி, பட்டறை:

வெல்டு வைத்த வண்டிகள் என்னிடம் வருகின்றன. மூன்று விஷயம் கவனியுங்கள் தம்பி.

ஆக்ஸில் ஷாஃப்ட். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்டுக்குப் பாதி விசைக்கு மேல் போகாது. பூட்டிய அச்சில், ஒரு சக்கரம் மட்டும் பிடித்து நிற்கும் நேரத்தில் மொத்த விசையும் அந்த ஒரே ஷாஃப்டில் விழும். முறுக்கிக்கொண்டு முறிந்த ஷாஃப்டுகளைக் கழற்றியிருக்கிறேன். செமி ஃப்ளோட்டிங் அச்சில் (ஷாஃப்டே சக்கரத்தையும் தாங்கும் வகை) அது ஹப் பக்கம் முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம்.

டயர். பின்னால் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்று போடவே கூடாது. விட்டம் மாறினால் நேர் ரோட்டிலேயே இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். காற்றும் சமமாக இருக்கட்டும். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை முன்னால் போட்டுவிட்டு, முன் டயரைப் பின்னால் கொண்டுபோவது உத்தமம்.

வெல்டு. கியர் இரும்பு கடினமானது. சரியாகச் சூடேற்றாமல் அடித்த வெல்டு விரிசல் விடும். அந்தத் துண்டு கிரவுன், பினியன் என்ற பெரிய, சிறிய பல்சக்கரங்களின் நடுவே போனால் ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் சுற்றாமல் இறுகி நின்றுவிடும். இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். இரண்டுமே அசையவில்லை என்றால் வெல்டு வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கானாடுகாத்தான், ஜிப்சி:

நன்றி அண்ணே. நல்ல நிலையில் ஒரு பழைய டிஃபரன்ஷியல் செட் பார்த்து வைத்திருக்கிறேன், மழைக்கு முன் மாற்றிவிடப் போகிறேன். தோப்புக்கு லாக் தேவைப்பட்டால் பிறகு காற்றழுத்தத்தால் பூட்டுகிற ஏர் லாக்கர் போடலாம், சுவிட்சைத் தட்டும்வரை பூட்டாமல் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே இருக்கும். கிரவுன், பினியன் இடைவெளியை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிபார்க்க உங்கள் பட்டறைக்கே கொண்டுவரலாமா? எந்த நாள் தோது என்று சொல்லுங்கள்.