தரைப்பாலத்துக்கு எச்சரிக்கை விளக்கா, உயர்மட்டப் பாலமா?

பவானிக்கரை:
ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகும் வழியில் சர்க்கரைப் பள்ளம், குரும்பூர் பள்ளம் என்ற இரண்டு காட்டாறுகளையும் தாண்ட வேண்டும். மேலே காட்டில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே செந்தண்ணீர் வந்து பஸ் நின்றுபோவதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறோம். இப்படிப்பட்ட பள்ளங்களில் தண்ணீர் ஏறினால் தானாக எரியும் சிவப்பு விளக்கும், சாலையின் குறுக்கே இறங்கும் தடுப்புக் கம்பியும் வைக்க வேண்டும். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரம் சென்சார் வைத்து இதைச் செய்கிறது. ஆஸ்டினில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று வீட்டிலிருந்தே இணைய வரைபடத்தில் பார்க்கலாம். இங்கே ஏன் முடியாது?

கட்டுமானம்:
எனக்கு உடன்பாடில்லை. விளக்கு வந்த மறுநாளே பாலம் கேட்கும் குரல் அடங்கிவிடும். "எச்சரிக்கை கொடுத்தோம், மீறியது நீங்கள்தான்" என்று கைகழுவிவிடுவார்கள். அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் சிவப்பு விளக்கு என்ன செய்யும்? உயர்மட்டப் பாலம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

பவானிக்கரை:
பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. நிதி, டெண்டர், வனத்துறை அனுமதி எல்லாம் முடிந்து பாலம் எழும்பும்வரை எத்தனை மழைக்காலம் போகும்? ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடி சின்னக் காரை அடித்துப்போகும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துவிடும். அமெரிக்க வானிலைத் துறை ஓட்டுநர்களுக்குச் சொல்லும் கணக்கு இது.

சரக்குவண்டி:
இந்த மாதிரி ரோட்டில்தான் நான் லோடு ஏற்றிப்போகிறேன். நாங்கள் பார்ப்பது ஓரத்துக் கல்லைத்தான். வெள்ளையடித்த கல் தலை தெரிந்தால் போகலாம் என்று ஒரு நினைப்பு. ஆனால் தண்ணீர் எவ்வளவு உயரம் என்றுதான் கல் காட்டும், அடியில் ரோடு இருக்கிறதா என்று காட்டாது. ஒருமுறை வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பாலம் ரோட்டோடு சேரும் இடத்தில் அடிமண் மொத்தமும் அரித்துப்போய், மேலே தார் மட்டும் பலகை மாதிரி அந்தரத்தில் நின்றது. தண்ணீர் ஓடும்போது அது யார் கண்ணுக்குத் தெரியும்? அப்புறம், முன்னால் ஒரு பஸ் இறங்கிவிட்டால் பின்னால் வரிசையாக எல்லோரும் இறங்குவார்கள். வெறும் விளக்கு போதாது, கம்பி இருக்க வேண்டும்.

மதுரைக்காரி:
அண்ணன் சொல்வது சரி. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. இத்தனை சொல்லியும் யானைக்கல் தரைப்பாலத்தில் தண்ணீர் புரளும்போது போலீஸ் வந்து தடுப்பு வைத்தால்தான் வண்டிகள் நிற்கும். அணை உள்ள ஆற்றுக்காவது மட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. காட்டாற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

கட்டுமானம்:
அதையேதான் கேட்கிறேன். பாலத்தடியில் சென்சார் வைத்தால் அது கத்தும்போது தண்ணீர் வந்தேவிட்டிருக்கும். அடித்துவரும் மரம் ஒன்று மோதினால் அதுவும் போச்சு.

பவானிக்கரை:
அதனால்தான் மேலே வைக்கச் சொல்கிறேன். 5 கிலோமீட்டர் மேலே அளந்தால், வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தாலும் ஏறக்குறைய 28 நிமிடம் கிடைக்கும். ரேடார் சென்சாரை வெள்ளம் தொடாத உயரத்தில் தொங்கவிடலாம், சேறும் மரமும் அதை ஒன்றும் செய்யாது. காட்டில் செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் ரேடியோவில் அனுப்பலாம்.

கட்டுமானம்:
மேலே வைப்பதானால் பயன் இருக்கும், அதை ஏற்கிறேன். ஆனால் பேட்டரி செத்தால் மாற்றுவது யார் பொறுப்பு? விளக்கு எரியவில்லை என்றால் தண்ணீர் இல்லை என்று நம்பி இறங்குவார்களே, அது இன்னும் ஆபத்து. பொறுப்பாளரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அங்கேயே பலகையில் இருக்க வேண்டும். விளக்குக்கு ஒப்புதல் தரும் அதே உத்தரவில் பாலத்துக்கும் கெடு வேண்டும். அது இல்லாத திட்டத்தை நான் எதிர்ப்பேன்.

சரக்குவண்டி:
கெடு கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். மேகம் கட்டும் மாதங்களில் ஒரு 108 வண்டியை அக்கரையிலேயே நிறுத்தி, பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியரையும் அங்கே தங்கவைக்கட்டும். கம்பியை மறுபடி தூக்குவதற்கு முன்னால் ஒருவர் இறங்கி அடிமண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வடிந்தது என்று சென்சார் சொன்னதும் தானாகத் திறக்கிற கம்பி என்றால் என் வண்டியை அதில் இறக்க மாட்டேன்.