தைராய்டு சரியானால் கல்லீரல் கொழுப்பும் கரைந்துவிடுமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து):
வணக்கம். 52 வயதான என் அம்மாவுக்கு ஈரோட்டில் எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு என்று வந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 11.6; கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 64, எஸ்.ஜி.ஓ.டி. 40; பிளேட்லெட் 2,40,000. சர்க்கரை நோய் இல்லை. எடை 70 கிலோ. மருத்துவர் 50 மைக்ரோகிராம் தைராக்சின் எழுதியிருக்கிறார். தைராய்டு சரியானால் கல்லீரல் தானாகச் சரியாகிவிடும், கொள்ளுப் பருப்பு கடைந்து சாப்பிட்டால் போதும் என்று பெரியப்பா சொல்கிறார். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில் 1 (மருந்தாளுநர், கோவை):
தொடர்பு உண்டு, தம்பி. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைப் பெரும்பாலும் டி4 (தைராக்சின்) ஆகவே சுரக்கிறது. அதை வேலை செய்யும் டி3 ஆக மாற்றும் முக்கியமான இடங்களுள் கல்லீரலும் ஒன்று. அந்த டி3, கல்லீரல் செல்களில் உள்ள பீட்டா வகை ஏற்பியில் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) சேர்ந்து கொழுப்பை எரிக்கவும், இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ராலை உள்ளிழுத்து அகற்றவும் தூண்டுகிறது. சுரப்பு குறைந்தால் இந்த வேலைகள் மந்தமாகி, கல்லீரலில் கொழுப்பு தங்க வழி ஏற்படுகிறது. இதே பீட்டா ஏற்பியைக் குறிவைக்கும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் அனுமதி அளித்தது; ஆனால் அது கொழுப்பினால் அழற்சியும், ஓரளவு முற்றிய தழும்பும் ஏற்பட்டவர்களுக்கானது.

அப்படியானால் தைராக்சினையே கூட்டிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. இதயத்தில் மிகுதியாக இருப்பது ஆல்ஃபா வகை ஏற்பி. அளவு மிஞ்சினால் படபடப்பும் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையும் வரலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும். அம்மாவுக்கு அந்த மாத்திரை தைராய்டுக் குறைவுக்காகத்தான். அதைக் கல்லீரல் மருந்தாக எண்ண வேண்டாம்.

பதில் 2 (ஆய்வகப் பணியாளர், பெருந்துறை):
நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே, கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்குமா என மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கைப் போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 2080. பிளேட்லெட் 240 (ஆயிரத்தில்), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 8. இவற்றின் பெருக்கல் 1920. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.08 வருகிறது. 1.3-க்குக் கீழ் இருப்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்கேனில் வந்த ‘இரண்டாம் நிலை’ என்பது கொழுப்பின் அளவை மட்டுமே காட்டுகிறது. ஆயினும் எடை குறைந்தே ஆக வேண்டும். 70 கிலோவில் 7 முதல் 10 விழுக்காடு, அதாவது 5 முதல் 7 கிலோ குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. கொள்ளு நல்ல உணவுதான். ஆனால் அதைக் கடைந்து, மூன்று கரண்டி சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் பெரியப்பா சொன்னது நடக்காது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மா விடியற்காலையில் பால் கறந்து முடித்ததும் காபியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, உடனே கால்சியம் மாத்திரையும் போடுகிறார். அதனால் பாதகம் ஏதும் உண்டா?

பதில் 3 (பொள்ளாச்சியிலிருந்து):
உண்டு, தம்பி. நானும் இதே மாத்திரையை எடுப்பவள்தான். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அதன் பிறகு மாட்டைப் பார்க்கப் போகச் சொல்லுங்கள். திரும்பி வருவதற்குள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கடந்திருக்கும், காபியும் குடிக்கலாம். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சின் உடலில் சேர்வதைத் தடுப்பதால், நான்கு மணி நேரமாவது தள்ளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இப்படிச் சீராக எடுத்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தால்தான், 50 மைக்ரோகிராம் போதுமா என்பதை மருத்துவரால் முடிவு செய்ய இயலும்.