புதுப்பிப்பு: ஆரஞ்சு நிற சீஸ் தட்டு, நேற்று ஒருவழியாக முடிந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, பெங்களூரு மல்லேஸ்வரம் வீட்டுக்கு எட்டு பேர் வருகிறார்கள், எல்லாரும் சைவம், மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு சீஸ் தட்டு வைக்கணும் என்று? தட்டு கிட்டத்தட்ட காலி. யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

ரென்னெட் (சீஸ் செய்யப் பாலைத் திரிய வைக்கும் பொருள்) பற்றி எச்சரித்தவருக்குப் பெரிய கும்பிடு. பார்மிஜானோ என்ற இத்தாலிய சீஸின் அசலில் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. அதை விட்டுவிட்டு, பச்சைப் புள்ளி பார்த்து செடாரும் கௌடாவும் வாங்கினேன். தலைக்கு 50 கிராம், மொத்தம் 400. செடாரின் அந்த அடர் ஆரஞ்சு பாலில் வருவதில்லை, அன்னட்டோ விதைச் சாயம். இதைக் கேட்டதும் மாமியார், "அப்போ நம்ம கேசரிப் பவுடர் கதைதானா?" என்றார். விதையிலிருந்து வர்ற கேசரிப் பவுடர், அத்தை!

சொதப்பியது பப்பாளி. எட்டாவது கிராஸ் தெருவில் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்கி, பிஸ்கட்டை ஒட்டியே அடுக்கினேன். அரை மணியில் நீர் விட்டு எல்லாம் நமுத்துப்போச்சு. தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கணும். உலர்ந்த ஆப்ரிகாட்டில் அந்தத் தொல்லையே இல்லை.

காப்பாற்றியது கோடுபளே, வளையமாகச் சுட்டெடுக்கும் கர்நாடகக் கார முறுக்கு! நிறமும் பொருந்தியது, அந்தக் காரத்துக்குக் கௌடா அவ்வளவு இதம். பிஸ்கட்டை யாரும் தேடவே இல்லை.

சீஸை 45 நிமிடம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன், குளிர் விட்டால்தான் மணமே வருகிறது. மிஞ்சிய ஒரு துண்டு செடார் இன்று காலை தோசைக்குள் போய்விட்டது.