உறுமியைக் குரலிலிருந்து பிரித்தெடுக்க உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் மாணவர்களுக்கு இசை கற்பிக்கிறேன். 1957இல் நம் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே மலேசிய நாட்டுப்பண்ணான நெகாராகூ ஆனது என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இவ்வாண்டு ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்துக்காக, எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் உறுமி மேளத்துடன் பாடிய நாட்டுப்பற்றுப் பாடலின் பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றி, குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் இழுவையான ஓசையை அது மனிதக் குரலென எடுத்துக்கொண்டு, பாடலடிகளோடு கலந்துவிட்டது. புதிய இசையை உருவாக்கித் தரும் செயலி எனக்கு வேண்டாம். தாத்தாக்கள் வாசித்த அடியைக் கேட்டே பிள்ளைகள் பழக வேண்டும். உறுமியைத் தனித் தடமாகப் பிரித்த அனுபவமுள்ளவர்கள், எந்தச் செயலியைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும், நம் மேளப் பதிவுகளைக் கொடுத்து அதைப் பழக்க இயலுமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.