கன்டாமினேஷன்: மாசா, கலப்பா, அயலேறலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

'கன்டாமினேஷன்' என்பதற்கு 'மாசு' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று இந்த இழையில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆற்று நீருக்கும் காற்றுக்கும் 'மாசு' போதும். கொலை வழக்கின் தடயத்துக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். பெரூஜா கொலை வழக்கைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்திலேயே இந்தச் சொல்லில் முட்டி நின்றுவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இத்தாலியின் பெரூஜா நகரில் 2007 நவம்பர் 1 இரவு மெரிடித் கெர்ச்சர் என்ற 21 வயது பிரிட்டிஷ் மாணவி தன் அறையில் கொல்லப்பட்டார். (உலகமே இந்த வழக்கைக் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரால்தான் பேசுகிறது. இறந்துபோன பெண்ணின் பெயரை முதலில் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.) அதே வீட்டில் குடியிருந்த அமெரிக்க மாணவி அமண்டா நாக்ஸும் அவருடைய நண்பர் ரஃபேலே சொல்லெசிட்டோவும் கைதானார்கள். ருடி குவேடே என்பவர் தனியாக விசாரிக்கப்பட்டு 2008இல் தண்டிக்கப்பட்டார். அவருடைய டி.என்.ஏ. கெர்ச்சரின் உடலிலேயே கிடைத்தது, ரத்தம் தோய்ந்த அவர் கைத்தடம் தலையணையில் இருந்தது. மற்ற இருவருக்கும் 2009இல் தண்டனை, 2011இல் விடுதலை, 2013இல் அந்த விடுதலை ரத்து, 2014இல் மறுபடியும் தண்டனை. கடைசியில் 2015 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. எட்டு வருட இழுபறி. அதில் பாதிச் சண்டை நாம் இப்போது பேசும் ஒரே சொல்லைச் சுற்றித்தான்.

கெர்ச்சரின் உள்ளாடைக் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 அன்றே அதைப் படம் பிடித்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. எடுத்தது டிசம்பர் 18 அன்று, 46 நாள் கழித்து. அதற்குள் கொக்கி முதலில் கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்திருந்தது. எடுத்தபோது பதிவான காணொளியில் கையுறையில் அழுக்குத் தெரிகிறது. அந்தக் கொக்கியில் சொல்லெசிட்டோவின் டி.என்.ஏ. இருப்பதாக ஆய்வகம் சொன்னது. இங்கே 'கொக்கி மாசடைந்திருந்தது' என்று எழுதினால் வாசகருக்கு என்ன தோன்றும்? தூசி, அழுக்கு. ஆனால் தூசி படிந்ததா என்பது கேள்வியே இல்லை. கொலை நடந்த பிறகு வேறொருவரின் டி.என்.ஏ. அதில் வந்து ஒட்டியதா என்பதுதான் கேள்வி. சொல்லெசிட்டோ நவம்பர் 2 அன்று, பூட்டியிருந்த அந்த அறைக் கதவை உடைக்க முயன்றவர். அவருடைய டி.என்.ஏ. அந்த வீட்டில் கிடப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அது கொக்கிக்கு எப்போது, எந்த வழியில் வந்தது என்பதற்குத்தான் பதில் வேண்டும். 'மாசு' இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. பல வருடங்களாக ஒரே பெண்ணின் டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்தது. 2007இல் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலும் அதே டி.என்.ஏ. நாடு விட்டு நாடு போய்க் கொலை செய்கிற ஒரு பெண்ணைத் தேடினார்கள். 2009இல்தான் விஷயம் புரிந்தது. தடயம் ஒற்றியெடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்துக் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவரின் டி.என்.ஏ. அது. அந்தக் குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை. கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.வை அழிப்பதில்லை. அதாவது, சுத்தமான பஞ்சு. மாசற்ற பஞ்சு என்றே சொல்லலாம். ஆனாலும் கன்டாமினேஷன் இருந்தது. 'மாசற்றது, ஆனால் மாசடைந்தது' என்று எழுத முடியுமா?

சரி, 'கலப்பு' எப்படி? நானும் முதலில் 'வேற்றுக்கலப்பு' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அடுத்த பத்தியிலேயே இடித்தது. கொக்கியில் இருந்ததே பலருடைய டி.என்.ஏ. சேர்ந்த கலவை மாதிரி. இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டால் நகக்கண்ணில் இருவர் டி.என்.ஏ.வும் கலந்தே கிடைக்கும், அது உண்மையான தடயம். கலவை என்பது மாதிரியின் நிலை. நமக்கு வேண்டிய சொல், பிறகு வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஒரே அறிக்கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் வரும்போது கலவையும் கலப்பும் வாசகரைக் குழப்பியே தீரும். இழையில் 'கலப்படம்' என்று பரிந்துரைத்தவருக்கு: அதில் ஆதாயத்துக்காகச் செய்த மோசடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, மிளகில் பப்பாளி விதை மாதிரி.

தமிழில் ஒன்றின் மேல் இன்னொன்று தானாக வந்து பற்றுவதற்கு நாம் இயல்பாகப் பயன்படுத்தும் வினை 'ஏறு'. துருவேறியது, பாசியேறியது, சாயம் ஏறியது. புளிச்சோற்றுப் பாத்திரத்தில் பால் காய்ச்சினால் 'புளிப்பேறிடுச்சு' என்கிறோம். இதே அச்சில் 'அயலேறல்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. அயலேறிய தடயம், அயலேறாத மாதிரி, அயலேறும் வாய்ப்பு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இயல்பாக வளைந்துகொடுக்கிறது. 'பின்னேற்றம்' என்பதையும் யோசித்தேன். முன்னேற்றத்துக்கு எதிர்ச்சொல் மாதிரி ஒலிப்பதால் விட்டுவிட்டேன்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சூடேறியது, சூடேற்றினான்: இந்த வேறுபாடு நம் எல்லோருக்கும் தெரியும். அயலேறல் தானாக நடப்பது. அயலேற்றல் ஒருவர் வேண்டுமென்றே செய்வது. பெரூஜா வழக்கைப் பற்றிய வாதங்களில் இந்த இரண்டும்தான் ஓயாமல் குழம்பிக் கிடக்கின்றன. நீதிமன்றம் நியமித்த ரோம் பல்கலைக்கழக வல்லுநர்கள் ஸ்டெஃபானோ கோன்டியும் கார்லா வெக்கியோட்டியும் 2011இல் சொன்னது, கொக்கியிலும் இன்னொரு தடயமான கத்தியிலும் அயலேறல் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று தள்ள முடியாது என்பதுதான். உடனே ஒரு தரப்பு 'போலீஸ் தடயத்தை வைத்துவிட்டது என்கிறீர்களா?' என்று கொதிக்கிறது. யாரும் அயலேற்றினார்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. தமிழில் ஓர் எழுத்து இரட்டித்தால் தீர்கிற சண்டை இது. நான் அறிந்தவரை ஆங்கிலத்தில்கூட இவ்வளவு நெருக்கமான இணைச்சொல் இல்லை.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொல்லெசிட்டோ வீட்டுச் சமையலறைக் கத்தி அது. அலகில் கெர்ச்சரின் டி.என்.ஏ. என்று சொன்ன அளவு மிக மிகக் குறைவு, ரத்தச் சோதனையில் ரத்தம் இல்லை என்றே வந்தது. இவ்வளவு சிறிய அளவை ஆய்வகத்தில் படியெடுத்துப் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஒரு சொட்டு உறைமோர் பானைப் பாலையே தயிராக்குகிற மாதிரி, ஏறிய துளி அயலும் கூடவே பெருகிவிடும். கொக்கியை மறுபடி சோதித்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்றால், சேமிப்பில் அது துருவேறிப் போயிருந்தது. மறுசோதனைக்கு வழியில்லை.

அப்புறம் சாட்சிகள். இந்தச் சொல் கொக்கி, கத்தி மாதிரியான பொருள்களுக்கு மட்டும் பொருந்தினால் போதாது, நினைவுக்கும் பொருந்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அன்றிரவு இருவரையும் சதுக்கத்தில் பார்த்ததாகச் சொன்ன, வீடில்லாத ஒருவர் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி. குறுக்கு விசாரணையில் அவர் டிஸ்கோ பேருந்துகளையும் வேடமிட்ட இளைஞர்களையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார். அவை ஹாலோவீன் இரவான அக்டோபர் 31க்கு உரியவை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் இரவின் மேல் இன்னோர் இரவு ஏறியிருக்கலாம். 1974இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் கார் விபத்துப் படம் காட்டிச் செய்த சோதனையில், கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 14 சதவீதம்தான். கேள்வியின் ஒரு வினைச்சொல் நினைவில் ஏறிவிட்டது. 'மாசடைந்த சாட்சியம்' என்றால் அந்த மனிதரையே பழிப்பதாகிறது. 'அயலேறிய சாட்சியம்' பழிக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. நவம்பர் 5 இரவு தொடங்கி விடிய விடிய வழக்கறிஞர் இல்லாமல் நடந்த விசாரணையில் நாக்ஸ் கையெழுத்திட்ட வாக்குமூலம், பேட்ரிக் லுமும்பா என்ற மதுக்கடைக்காரரைக் கொலையாளியாகக் காட்டியது. அவர் குற்றமற்றவர், இரண்டு வாரம் சிறையில் இருந்தார். 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நாக்ஸின் தற்காப்பு உரிமை மீறப்பட்டது என்றது. ஆனால் பொய்க்குற்றம் சாட்டியதற்கான தண்டனையை இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதி செய்தது. அந்த வாக்குமூலத்துக்குள் வந்தது ஏறலா, ஏற்றலா? கட்டுரையில் இப்போதைக்கு இரண்டும் போடாமல் 'அழுத்தத்தில் பெற்ற வாக்குமூலம்' என்று நேராக எழுதியிருக்கிறேன். சட்டத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

'அயல்' என்றால் அயல்நாடு மாதிரித் தொனிக்கிறது என்ற தயக்கம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். எனக்கு அது அக்கம்பக்கத்து அயலாகத்தான் கேட்கிறது. கூடவே இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது: ஒப்பிட்டு நீக்குவதற்காகக் காவலர்கள், ஆய்வக ஊழியர்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கி வைக்கும் டி.என்.ஏ. மாதிரிக்கு. 'விலக்கு மாதிரி' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்